கிணற்றில் மிதந்த சிலிண்டர்

கேஸ் வாடை என்றாலே அம்மாவுக்கு ஆகாது. அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சிலிண்டர் வெடித்து இறந்துபோனாள் என்று சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விறகடுப்புதான். அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒவ்வொரு முறை பேசும்போதும் கேஸ் இணைப்புக்கு எழுதிவைக்கச் சொல்வார். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சின்ன சிலிண்டரைக் கொண்டுவந்து சேர்த்தார். காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், அதைக் காலி செய்தபோது பாய், வாளியோடு சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். எங்கோ மலிவாக வாங்கியது. கம்பெனிப் பெயர் கிடையாது, அடியெல்லாம் துரு. மறுநாள் காலையில் வாடை வந்தது. அம்மா எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, என்னைத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துவந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"இத இப்பவே தொலச்சுட்டு வா. இல்லைன்னா நானும் புள்ளையும் இந்த வீட்டுக்குள்ள காலு வைக்கமாட்டோம்" என்றாள் மாமாவிடம்.

மாமா அதை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய இரும்புக்கடைக்காரர் வண்டியை நிறுத்தவே விடவில்லையாம். கேஸ் ஏஜென்சியில், இது எங்கள் கம்பெனி சிலிண்டர் இல்லை என்று கவுண்டரில் இருந்தவர் கையை விரித்துவிட்டாராம். அக்காவிடம் எந்த முகத்தோடு திரும்புவது? மாமா நேரே வயலுக்குப் போனார். கிணற்றில் தூக்கிப் போட்டார். வீட்டுக்கு வந்து, "முடிஞ்சதுக்கா" என்றார்.

அது மூழ்கவில்லை. கிணறோ பங்குக் கிணறு. பங்காளிகளெல்லாம் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அன்றைய முறைக்கு மோட்டார் போட வந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்.

"என்ன மாப்ளே, கெணத்துல என்னத்தப் போட்டீக? அங்குட்டும் இங்குட்டும் போயி செவுத்துல இடிக்குது. நான் எப்புடி சுவிச்சத் தொடுறது?"

கிணற்றில் எங்களுக்குக் கால் பங்குதான். சிலிண்டர் மட்டும் முழுக்க எங்களுடையது என்பதையும் அவர் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். பிறகு அவளே காரைக்குடிக்கு பஸ் ஏறினாள். ஏஜென்சியில் யார் என்ன சொல்லியும் நகராமல் நின்றிருக்கிறாள். சாயங்காலம் அவர்கள் வண்டியிலேயே ஒரு மெக்கானிக்கோடு வந்து இறங்கினாள்.

மெக்கானிக் பேச்சுப் பிரியர். மாமாவையும் கூடப் பிடிக்கச் சொல்லி, கயிறு போட்டு சிலிண்டரை மேலே இழுத்து, நிமிர்த்தி வைத்து, வால்வில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். நுரை குமிழ் விட்டது. ஒரு மூடியை வைத்து இறுக்கியதும் அடங்கியது.

"எந்தக் கம்பெனியா இருந்தாலும் லீக்குன்னா ஒடனே எங்களுக்குப் போனு போடுங்க. கெணத்துல போடுறது, குப்பையில வீசுறதெல்லாம் வேணாம். இத நாங்க பிளாண்டுக்கு அனுப்பிக் காலி பண்ணி, வெட்டிப்புடுவோம்" என்றார்.

அம்மா கேட்டாள்: "இது வீட்டுக்குள்ள வெடிச்சிருந்தா?"

அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் குஷியானார். "அடுப்படின்னு ஒன்னு இருக்காதுக்கா. செவுரு விழுந்துரும், ஓடு பறந்துரும். சட்டிபானையெல்லாம் தெருவுலதான் பொறுக்கணும். நான் எத்தன பாத்திருக்கேன்."

வண்டி போனதும் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொல்லை விட்ட நிம்மதி என்று நினைத்தேன். பிறகு மாமாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அக்கா செத்தன்னைக்கு அந்த அடுப்படிக்குள்ள நான் போனேன்டா. டம்ளரெல்லாம் அடுக்குனது அடுக்குனபடி இருந்துச்சு. செவுத்துல காலண்டர் தொங்குச்சு. அதுகூடக் கருகல."

மாமா கையிலிருந்த ஈரக் கயிற்றைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். எனக்கோ காலையிலிருந்து அடுப்பு எரியாத பசி. இருந்தாலும், அவ்வளவு பெரிய விபத்தில் டம்ளர்களும் காலண்டருமாவது தப்பித்தனவே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.