ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரெக்கார்டிங்

டிக்.

ஹெட்போனில் அந்தச் சத்தம் நெல் பொரி வெடிப்பதுபோல் கேட்கும். மஞ்சுவின் குரல் வழுக்கிக்கொண்டு மேலே போகும், சரியாக அங்கே ஒரு டிக்.

ஓசூரில் சிப்காட் பக்கம் ஒற்றை பெட்ரூம் வாடகை வீடு. நான் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என் மனைவி மஞ்சுளா வண்டிகளுக்கு வயர் கோக்கும் ஹார்னஸ் கம்பெனியில் ஆபரேட்டர். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி, வீட்டில் தெலுங்கு, வேனில் தமிழ். கம்பெனி வேனில் தோழிகளுக்காக அவளே கட்டிப் பாடுவாள்.

"விடியுமுன்னே வண்டி வரும், வெரசா வாடி பொன்னம்மா..." என்று ஆரம்பிக்கும். வேனே தூக்கம் கலைந்து சிரிக்குமாம்.

அதை ரெக்கார்ட் செய்து தருகிறேன் என்று சொல்லித்தான் கம்ப்யூட்டரே வாங்கினேன். இரண்டு வருஷமாக 'இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு' என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் அவள் கழுத்தில் தைராய்டு கட்டி. பெங்களூரில் டாக்டர் சொன்னார்: "குரல் நரம்பு பக்கத்திலேயே போகுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பாடறவங்கன்னா முன்னாடியே சொல்லிடறது நல்லது."

அட்மிஷனும் ஆபரேஷனும் ஒரே நாளில். அதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் லீவு. அப்போதெல்லாம் தினமும் மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் போய்விடும், நாலுக்குத்தான் வரும். காலை பத்து மணிக்கு மைக்கைச் செருகினேன்.

டிக்... டிக்...

ரெக்கார்டிங் ஓடும்போது கம்ப்யூட்டர் வேறு வேலையில் மூக்கை நுழைத்தால், கண் இமைக்கும் நேரத்துக்குக் குரல் விட்டுப்போகும். அதுதான் அந்த டிக். ஸ்க்ரீன் சேவரை நிறுத்தினேன். இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். கேம்ஸ், சினிமா எல்லாம் அழித்து ஹார்ட் டிஸ்க்கில் இடம் பண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு டெஸ்ட்.

"மஞ்சு, இன்னொரு வாட்டி பாடு."

பாடினாள். டிக்.

சிபியு ஃபேன் இரைச்சலும் மைக்கில் விழுந்தது. பெட்டியின் மேல் தலையணையை வைத்து அமுக்கினேன். பத்து நிமிஷத்தில் சூடாகி தானாகவே அணைந்துவிட்டது. பெட்டியை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, வயரை மட்டும் கதவிடுக்கு வழியாக பெட்ரூமுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னொரு வாட்டி..."

பதினொன்றாவது முறை. ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் பாட்டு வேணுமா, கம்ப்யூட்டர் வேணுமா?"

குரல் கரகரத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது... நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று பயந்த குரலை, காலையிலிருந்து டெஸ்ட் டெஸ்ட் என்று நானே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள். நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று என் குரலையே பதிந்து தேடினேன். கடைசியில் பிடிபட்டது. ஆன்டிவைரஸ். வேறெதை மூடினாலும் அது மட்டும் பின்னால் ஓடி, பதிவாகும் ஃபைலையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். நூறு வரை எண்ணினேன். ஒரு டிக் இல்லை.

மணி ஒன்றே முக்கால்.

அந்த நேரம் பார்த்து எதிர்ச் சந்து லேத் பட்டறையில் இரும்பு கிறீச்சிட்டது. செருப்பில்லாமல் ஓடினேன். ஓனர் கிருஷ்ணப்பா கன்னடக்காரர். விஷயத்தைச் சொன்னதும் என் முகத்தையே பார்த்தார்.

"நாளைக்கா ஆபரேஷன்? ஆய்த்து, சரி சார், நீங்க போங்க. டேய், எல்லா மெஷினும் ஆஃப் பண்ணுங்கடா. கரண்ட் போறவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

திரும்பி வந்தபோது மஞ்சு மைக் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒரு வாட்டி தான். இதுக்கு மேல என்னால ஆவாது."

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஹாலில் பட்டனை அமுக்கிவிட்டு பெட்ரூமுக்கு வந்தேன். நாலு நிமிஷப் பாட்டு. நான் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். மூன்றாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் பிசிறி உடைந்தது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் பாடி முடித்தாள்.

ஹாலுக்கு ஓடி சேவ் கொடுத்தேன். நீலக் கோடு பாதி... முக்கால்...

பட்டென்று திரை இருண்டது. கரண்ட் மூன்று நிமிஷம் முன்னாலேயே போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம்.

கோடு முடிந்ததா இல்லையா, நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் தரையில் சுவரோரமாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு தடவை அவள் என் முழங்கையைப் பிடித்து, "போனா போவட்டும், நீங்க கேட்டீங்க இல்ல" என்றாள்.

நாலு மணிக்கு கரண்ட் வந்தது. ஃபைல் இருந்தது. முழுசாக இருந்தது! அவள் மட்டும் கேட்க மாட்டேன் என்றாள். "வந்து கேக்கறேன்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு மாசம் காற்றுதான் வந்தது. பிறகு குரல் திரும்பியது, கொஞ்சம் இறங்கி. அந்த மேல் ஸ்தாயி மட்டும் வரவே இல்லை.

இப்போது சொந்த வீடு. எத்தனை வேலை கொடுத்தாலும் லேப்டாப்பில் ஒரு டிக் விழாது. போனை நீட்டினாலே அன்றைக்கு நான் நாள் பூராவும் போராடியதைவிடச் சுத்தமாகப் பதிகிறது. உடைந்த குரலை ஒட்டவைக்கும் சாஃப்ட்வேர்கூட வந்துவிட்டது. போன வாரம் அந்த மூன்றாவது சரணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிசிறு நோயால் வந்ததில்லை, என்னால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

மஞ்சு பின்னால் வந்து நின்றாள்.

"அதத் தொடாதீங்க. அன்னிக்கு எங்கிட்ட அவ்ளோதான் மிச்சம் இருந்துச்சு. அத்தனையும் குடுத்துட்டேன்."

சேவ் செய்யாமல் மூடினேன்.