தீப்பெட்டிக்குள் ஒரு விமானி

என் மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே பஞ்சின்மேல் கட்டைவிரல் நுனியளவு ஒரு பிளாஸ்டிக் விமானி படுத்திருக்கிறார். கையுறையின் மடிப்புக்குக்கூட நிழல் தீட்டியிருக்கிறார் எங்கள் சர்வேயர் சார்.

தஞ்சாவூர் அலுவலகத்தில் அவர் அளந்து வந்ததைத் தாளில் வரைவது என் வேலையாக இருந்தது. ஆட்சி மாறும், சுவரில் படம் மாறும். வரப்புச் சண்டை மட்டும் அப்படியே இருக்கும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு, உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்துக் கூலி ஆட்களுக்குக் கொடுத்த சமயத்தில், சீர்காழிப் பக்கம் அவருடைய மாமனார் நிலத்தையே அளக்க வேண்டி வந்ததாம். சொந்தக்காரர் நிலம் என்று எழுதிக்கொடுத்து விலகியிருக்கலாம். வேறு ஆள் வந்தால் குறைத்து எழுதிவிடுவான் என்று தானே அளவுச் சங்கிலியைப் பிடித்தார். பினாமி பெயரில் ஒளித்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அந்த வாரமே மனைவி பையனைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சார் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் தினமும் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துத் தனியாகச் சாப்பிட்ட அந்த மனிதரை எதிர் மேஜையிலிருந்து பார்த்தவளும் நான்தான்.

பையன் விமானப்படையில் விமானியாகிவிட்டான் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சார் சிங்கப்பூரிலிருந்த நண்பரிடம் சொல்லி, ஒற்றை ஆள் ஓட்டும் போர் விமானத்தின், பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் மாடல் ஒன்றை வரவழைத்தார். பெட்டியில் வந்த இருக்கை மொட்டையாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வேறொரு கம்பெனி ரெசின் பிசினில் வார்த்து விற்ற விமானி அறையைத் தனியாக வாங்கினார். அதில் இருக்கையின்மேல் பெல்ட்டுகள் சுருங்கிக் கிடப்பதுவரை வார்த்திருந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த வார்ப்புக் கட்டையை அறுத்து, தூசி பறக்காமல் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்துத் தேய்த்தார். அப்படியும் அதை உள்ளே வைத்தால் விமானத்தின் இரண்டு பாதிகளும் மூடவில்லை. உட்சுவரை வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சுரண்டினார்.

"விமானத்துக்கும் உச்சவரம்பா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ரெசின் இருக்கையில் பெட்டியோடு வந்த விமானி உட்காரவில்லை. வார்த்த பெல்ட்டுகள் முதுகில் இடித்தன. சுரண்டிவிட்டால் உட்காருவார். சார் சுரண்டவில்லை. பெல்ட்டுக்குச் சாம்பல், கொக்கிக்கு வெள்ளி என்று ஒரு மாதம் வண்ணம் தீட்டினார். "அவன் வரட்டும்மா. எப்படி உட்காரணும்னு அவன்தானே சொல்லணும்" என்றார். கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை. ஓய்வு பெற்று, படுக்கையில் விழுந்த பிறகு விமானத்தையும் தீப்பெட்டியையும் என்னிடம் தந்து, "வந்தா குடுத்துடுங்க" என்றார். அவர் போன செய்தியைச் சீர்காழிக்குச் சொல்லியனுப்பினேன். அப்போதும் யாரும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பல வருடம் அந்தக் கோபத்தை வைத்திருந்தேன்.

போன தை மாதம் மகன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. விமானத்தை இரண்டு கையாலும் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய், விமானி அறையின் கண்ணாடி மூடிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"நான் ஓட்டுனது இது இல்லைங்க. நான் கடைசிவரைக்கும் சரக்கு விமானம்தான் ஓட்டுனேன்" என்றார்.

ஒரு வரப்பைக்கூட விரற்கடை தவறாமல் அளந்த மனிதர், மகன் எந்த விமானம் ஓட்டுகிறான் என்று கேட்க ஆளில்லாமல் மூன்று வருடம் தப்பான விமானத்தைச் செய்திருக்கிறார். தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"நீங்க வந்தப்புறம் உட்கார வைக்கலாம்னு வச்சிருந்தார். பெல்ட்டைச் சுரண்டிட்டா உட்கார்ந்துடும்."

அவர் விமானியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பஞ்சின்மேல் திரும்பப் படுக்க வைத்து, தீப்பெட்டியை மூடி என் கையிலேயே கொடுத்தார்.

"வேண்டாங்க. அப்பா தீட்டுனது. சுரண்ட வேண்டாம்."

விமானத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். அந்த இருக்கை காலியாகவே போனது. தீப்பெட்டி இங்கே என் இழுப்பறையில் இருக்கிறது.