காலிப் படி

சாமுண்டீஸ்வரி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கிறீச்சிட்டால் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கீழே ஆட்டோவில் காத்திருக்கும் மகளை அழைத்து வருவார். ரோஷினிக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வரவில்லை. சில சத்தங்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நடுரோட்டிலும் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அம்மாவின் கிரைண்டர் ஓடினால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

அயனம்பாக்கத்தில் மாவுக்கடை வைத்திருப்பவர் சாமுண்டீஸ்வரி. ஏரியை ஒட்டி நெல் விளைவித்த குடும்பம். இப்போது அந்த நிலத்தில் எழும்பிய அடுக்குமாடிக்காரர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், இட்லி மாவு விற்கிறார். மாவு புளிக்கவில்லையே என்று குறைப்பட்டால், "நாளைக்குப் புளிச்சிடும், இன்னாத்துக்கு அவசரம்?" என்பார். பேரம் பேசினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பார். நாமே வெட்கப்பட்டுக் கேட்டதைக் கொடுத்துவிடுவோம்.

ஆவடியில் ஒரு கட்டடத்தின் மாடியில், இரண்டே அறைகளில் இருக்கிறது அந்த அருங்காட்சியகம். துணிக்கடை, கோயில், கல்யாண மண்டபம் என்று எங்கேயும் நிற்காத ரோஷினி, அங்கே மரக்கால், படி, உழக்கு என்று தானியம் அளக்கும் பழைய அளவைகள் வைத்திருக்கும் பலகைக்கு முன்னால் மட்டும் நிற்பாள். சிரிக்கக்கூடச் செய்வாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து வெளியே போக முடிகிற இடம் அது ஒன்றுதான்.

போன முறை அதற்கும் ஆபத்து வந்தது. பொறுப்பாளர் ஞானசேகரன் கறாரான மனிதர். வண்டு விழுந்ததென்று படியில் காட்சிக்கு வைத்திருந்த நெல்லைக் கொட்டிவிட்டு, தூசி படாமல் படியைக் கவிழ்த்து வைத்திருந்தார். ரோஷினி தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்ப் படியைத் தூக்கிக்கொண்டு அலறத் தொடங்கினாள். கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் கைப்பேசியை எடுத்தார்கள். இனிமேல் குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஞானசேகரன். அன்று சாமுண்டீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஷினி அலறிய காரணம் அடுத்த நாள் கடை சாத்தும்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அரிசி அளக்கும் படியைக் காலியாக விடுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. கவிழ்ப்பது அதைவிடக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது உள்ளே கிடக்க வேண்டும். தினமும் அந்தப் பிடியைப் போடுவது ரோஷினியின் வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாமுண்டீஸ்வரி என்னையும் துணைக்கு அழைத்தார். நான் எதுவும் பேச வேண்டியதில்லையாம், பேண்ட் போட்ட ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதுமாம். நின்றேன். ரோஷினி மாடிக்கு வரும்போது அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். எந்தப் பொருளையும் அவர் பார்க்கவில்லை. மகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். ஞானசேகரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒரு நிமிசம் சார்," என்று இன்னொரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார் சாமுண்டீஸ்வரி. உள்ளே கொஞ்சம் பச்சரிசி. "எங்க ஊட்டுல படிய வெறுமன வுட மாட்டோம். இது அத்தப் பாத்தே வளந்த புள்ள. இங்க காலியா கவுந்து கெடந்துதா, அதான் தாங்கல. வேற ஒண்ணும் இல்ல சார்."

அரிசி போட்டால் மறுபடியும் வண்டு வருமே என்றார் ஞானசேகரன். அவர் சொல்வதும் நியாயந்தான். துணைக்கு வந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாரா வாரம் வந்துகினுதானே கீறோம்," என்றார் சாமுண்டீஸ்வரி. "பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டுப் போறேன்."

ஞானசேகரன் கவிழ்ந்திருந்த படியைப் பார்த்தார். பிறகு கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ரோஷினி அம்மாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படியை நிமிர்த்தினாள். அம்மாவின் முந்தானையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். உள்ளங்கையால் அரிசியை ஒருமுறை தடவிவிட்டு, பலகையின் முன்னால் வந்து வழக்கம்போல் நின்றாள். சத்தமே இல்லை.

சாமுண்டீஸ்வரி இன்னொரு நிமிடம் பார்த்தார். பிறகு மகளின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். முந்தானையில் ஒட்டியிருந்த அரிசியைப் படியில் தட்டிவிட்டு, அடுத்த அறையில் என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தனியாகப் போனார்.