துணைவேந்தர் காலியாக வைத்த சீட்

துணைவேந்தர் சிவப்பிரகாசம் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அட்மிஷன் பிரிவில் நாலு வருடம் அவருக்குக் கீழே இருந்தவன் நான்தானாம். அந்த நாலு வருடமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரை வேவு பார்த்தவனும் நான்தான். அது அவர்களுக்குத் தெரியாது.

அவர் கதையை அவரே மேடைக்கு மேடை சொல்வார். அப்பா பெரியதம்பி, இலங்கை மலைத் தோட்டத்தில் கூலி. தோட்டத்து ஆபீஸில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். தமிழ்நாட்டில் சொந்த ஊருக்குப் போகிறோம் என்று நினைத்துக் கைநாட்டு வைத்தார். கடைசியில் இறக்கிவிட்ட இடம் நிக்கோபாரில் கட்சால் தீவு, ரப்பர் தோட்டம். மகனுக்கு அப்போது ஏழு வயது. பிறகு போர்ட் பிளேரில் மேல்நிலைப் படிப்பு. காலேஜில் இடம் கிடைத்த வருடம் கப்பல் இரண்டு நாள் தாமதமாகி, சீட் கைவிட்டுப் போனது. ஒரு வருடம் அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அதற்குப் பிறகுதான் மெயின்லேண்ட், பட்டங்கள், பேராசிரியர் வேலை, கடைசியில் இந்தத் தீவுகளின் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர்.

"அந்தக் கடுதாசியில என்னா எழுதியிருக்குன்னு கேக்க எங்கப்பாவுக்குத் தெரியல. அதைக் கேக்கத்தான் காலேஜு. வேலை கெடைக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்" என்று முடிப்பார். கூட்டம் கை தட்டும். நான் தட்டமாட்டேன். அரசாங்க ஆபீஸில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு உருக்கமாகக் கதை சொல்கிறவர் நம் காதில் பூச் சுற்றுகிறார் என்றே நினைத்தேன்.

போன வருடம் நர்சிங்கில் நாற்பது இடம். முப்பத்தொன்பது நிரம்பிவிட்டது. நாற்பதாவது பெயர் புஷ்பா, கட்சால். போன் நம்பர் இல்லை, அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அவள் வராவிட்டால் வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயருக்கு அந்த இடம். முதல் பெயர் சௌமியா, என் மகள். அது துணைவேந்தருக்கும் தெரியும். தெரிந்தும் ஃபைலை என்னிடமே விட்டு வைத்திருந்தார். அதுவே எனக்கு உறுத்தியது.

நிக்கோபார் கப்பல் ரத்தானது என்று சொல்லி அவர் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புஷ்பா என்று ஒருத்தியே கிடையாது. இடத்தைப் பிடித்து வைக்க ஒரு பொய்ப் பெயர். கடைசி நிமிடத்தில் வேறு யாரோ பெரிய இடத்துப் பிள்ளை வந்து உட்காரும். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே போனேன். ஜங்லிகாட் டீக்கடையில் ஒரு கப்பல் ஊழியரிடம் பழுப்புக் கவர் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பணம்தான், மாட்டினாரய்யா என்று குதித்தேன்.

"யாரு அந்தப் புஷ்பான்னு அவருகிட்டயே கேளுங்களேன்" என்றாள் என் மனைவி சுசீலா.

"கேட்டா உஷாராயிருவாரு."

கடைசித் தேதியான வெள்ளிக்கிழமை அவர் தலைமைச் செயலகத்தில் கூட்டத்துக்குக் கிளம்பினார். போகிற போக்கில், "முத்துகிருஷ்ணன், அஞ்சு மணிக்குள்ள கப்பல் வந்துருச்சுன்னா, அந்தப் புள்ள எறங்கி வர்ற வரைக்கும் சீட்ட வச்சிருங்க. வரலேன்னா வெயிட்டிங் லிஸ்ட்டு. நீங்க பாத்துக்குங்க, டீக் ஹை?" என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்குப் பிரச்சினை என்றால் என் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன்.

சௌமியா சர்ட்டிஃபிகேட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு முப்பத்தைந்துக்கு ஹார்பரில் வேலை பார்க்கும் ரவிக்குமார் போன் செய்தான். கப்பலைப் பார்த்துச் சொல்லும்படி நான்தான் கேட்டிருந்தேன். அவன் பேசினால் அறைக்கே கேட்கும்.

"அண்ணே, நிக்கோபார் கப்பல் வந்துருச்சு. ஜெட்டில எடமில்ல, வெளிய நிக்குது. ஆளு எறங்க ஆறு மணி ஆயிரும்."

சரி என்று வைத்துவிட்டேன். ஐந்து மணி அடித்ததும், 'கப்பல் வந்ததாகத் தகவல் இல்லை' என்று காரணம் காட்டிச் சௌமியாவின் பெயரை எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அவள் சர்ட்டிஃபிகேட்டுகளை மடியை விட்டு எடுக்கவில்லை. சந்தோஷத்தில் கொடுக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

ஆறரை மணிக்கு ஒரு அம்மாவும் பெண்ணும் தகரப் பெட்டியோடு வந்தார்கள். "மூணு நாளு கப்பல்லயே கெடந்து வாறோம் ஐயா" என்றார் அந்த அம்மா. பெயர் ஒச்சம்மா. பெண் புஷ்பா. அவள் கையில் அந்தப் பழுப்புக் கவர் இருந்தது. பிரித்தால் உள்ளே எங்கள் அட்மிஷன் கடிதத்தின் நகல். தபால் போய்ச் சேராத ஊருக்கு அதைக் கப்பல்காரர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார் மனுஷர். கவரை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

புஷ்பா நோட்டீஸை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தாள். "சார், கப்பல் நாலரைக்கே வந்துருச்சே. அது ஆபீசுக்கு எப்பத் தெரியும்?"

"மனு எழுதிக் குடும்மா" என்றேன், தட்டிக்கழிக்க. நின்றபடியே எழுதிவிட்டாள். அதே ஒரு கேள்விதான்.

அதற்குள் துணைவேந்தரும் திரும்பி வந்து மனுவைப் படித்தார். "அஞ்சு மணிக்குள்ள தகவல் வந்துச்சா?"

"இல்ல சார்."

"நீங்க சொன்னா சரி. பதிலை நீங்களே எழுதிருங்க, திங்கக்கெழம கையெழுத்துப் போடுறேன்." அம்மாவையும் பெண்ணையும் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கச் சொல்கிறவர் என்னை இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை, அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் உட்கார்ந்து, 'மாலை ஐந்து மணி வரை தகவல் ஏதும் வரவில்லை' என்று எழுதினேன். டீ கொண்டுவந்த சௌமியா என் தோளுக்கு மேலாக முழுவதையும் படித்தாள்.

"அப்பா, ரவி மாமா போன் பண்ணப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்?"

"உனக்காகத்தாண்டா செஞ்சேன்."

"தெரியும்ப்பா. ஆனா அந்தப் பொண்ணு அதைக் கேக்கலையே. எப்பத் தெரியும்னுதானே கேக்குறா."

ஊரையே சந்தேகப்பட்ட என்னை, நான் வளர்த்த பெண் முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டு, 'மாலை 4.35' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை துணைவேந்தர் அதை நிதானமாகப் படித்தார். என் மீது விசாரணைக்கு எழுதினார், நர்சிங் இடத்தைப் புஷ்பாவுக்குத் திருப்பினார், இரண்டிலும் கையெழுத்திட்டார். நான் கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"சௌமியா இனி என்னா செய்யப் போறா?"

"இந்த வருஷம் வேற எடம் இல்ல சார். வீட்டுலதான்."

பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நானும் ஒரு வருஷம் இருந்தேன்" என்றார்.

அந்தக் கதையை அன்றுதான் நம்பினேன்.