சேர்ந்த தேதி

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா தேவையான விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் அனுபவக் கடிதத்தில் பார்த்து டிக் அடித்தேன். ஜீவனஹள்ளி வீட்டில் பல வருடமாக நடந்துவந்த வேலை.

"டாக்டர் ஸ்னேஹா. எம்.பி.பி.எஸ். முடிச்ச மாசம்?"

"இருக்கு."

"எம்.டி. மூணு வருஷம், தனித்தனியா?"

"இருக்கு. பாஸான மாசமும் இருக்கு. சீனியர் ரெசிடெண்டா சேர்ந்த தேதி மட்டும் காலி."

"அது நாளைக்கு. பதிவேட்டப் பாக்காம எழுத மாட்டேன்."

"அவங்களையே கேக்கலாமே?"

"கேட்டேன்டி. ஆகஸ்டு பதினஞ்சு லீவுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியலையாம். எம்.டி. படிச்ச பொண்ணு!"

அம்மா வேலை பார்த்த மருத்துவமனையில் இருக்கும் ஸ்னேஹா ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். எம்.டி. முடித்தபின் சீனியர் ரெசிடெண்டாக ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு பதினான்கு. போன வருடம் அதே தேதிக்குள் சேர்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் பிந்தியிருந்தாலும் முடியாது.

தேதி மறப்பதில் வியப்பில்லை. அதே வார்டு, அதே கோட்டு, அதே நோயாளிகள். எம்.டி. படிக்கும் பி.ஜி. மாணவர் எந்தக் காலையில் சீனியர் ரெசிடெண்ட் ஆனார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவின் பதிவேட்டுக்குத்தான் தெரியும்.

அம்மா பெயர் பெர்னதெத். காக்ஸ் டவுன் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தர். ஓய்வு பெற்ற பிறகும் அனுபவக் கடிதங்களுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே வரிசை: பட்டம், முடித்த மாதம், பயிற்சி நிலை, சேர்ந்த தேதி, விலகிய தேதி. துறைத் தலைவரின் மகனுக்கும் ஆட்டோ ஓட்டுபவரின் மகளுக்கும் அதே சொற்கள். பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனை 'மருத்துவர்' என்று மட்டும் எழுத மாட்டாள். பி.ஜி. மாணவர் என்றால் எந்த ஆண்டு என்பதும் வேண்டும்.

டாக்டர் ஜெயராமன் ஒருமுறை அறைவாசல் பெயர்ப்பலகைக்காகத் தன் பெயருக்குப் பின்னால் ஏழு எழுத்து கூடுதலாகச் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

"சார், இது ரெண்டு நாள் கருத்தரங்கு. பட்டம் இல்ல."

"சாப்பாடு போட்டாங்கம்மா, சர்டிபிகேட்டும் குடுத்தாங்க."

"சாப்பாட்டுக்கு எல்லாம் போர்டுல இடம் இல்ல சார்."

அவர் கடைசிவரை அம்மாவிடம் அந்த ஏழு எழுத்துக்காகக் கெஞ்சிக்கொண்டே இருந்தார். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வரிசை அவளிடம் முதலிலிருந்தே இருந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஷெர்வின் என்ற டாக்டருக்குக் கடிதம் எழுதினாள். பி.ஜி. காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்த்து 'நான்கு ஆண்டுகள் ரெசிடெண்ட்' என்று ஒரே வரியில் போட்டுவிட்டாள். எம்.டி.க்குப் பிந்தைய அனுபவம் எவ்வளவு என்று தெரியவில்லை எனக் கல்லூரி திருப்பி அனுப்பியது. திருத்திக் கொடுப்பதற்குள் இடம் போய்விட்டது. ஷெர்வின் ஒன்றும் சொல்லாமல் ஹாசன் என்ற ஊருக்குப் போனார். அவர் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் திங்கள் காலை குளித்துவிட்டு வந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். மாரடைப்பு. நான் பொம்மனஹள்ளி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது மணி எட்டு இருபது. செவ்வாய் அடக்கம்.

புதன் மாலை ஸ்னேஹா வந்தார். கூடவே மருத்துவமனை அலுவலக உதவியாளர் கோவிந்தப்பா. ஸ்னேஹா கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான்தான் எடுத்துக் காட்டினேன்.

கோவிந்தப்பா காலி இடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "ஆகஸ்டு பதினொண்ணுன்னு போட்டுடும்மா டீனா. யாரு நோடப் போறாங்க, யாரு பாக்கப் போறாங்க? மேடம் எழுதினதுன்னா ஆபீஸ்ல அப்படியே சீல் போட்டுடுவாங்க."

அதுதான் சிக்கல். அம்மா எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை.

ஸ்னேஹா தரையைப் பார்த்தார். அவருக்குச் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது என்று நினைக்கிறேன். நான் ஷெர்வின் கதையைச் சொன்னேன்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"ஹாசன்ல. சொந்த கிளினிக்."

"சந்தோஷமா இருக்காரா?"

"தெரியாது."

ஸ்னேஹா கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "பதினஞ்சுக்கு அப்புறம்னு இருந்தா அடுத்த வருஷம் போட்டுக்கறேன். பாத்துட்டே எழுதுங்க அக்கா."

"அய்யோ, நான் சும்மா சொன்னேன்," என்றார் கோவிந்தப்பா. பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வாம்மா. நானே கூட நிக்கிறேன்," என்றார்.

பதிவேடு இருக்கும் அலமாரியின் சாவிகளில் ஒன்று அம்மாவின் கைப்பையில் இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. பையில் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. திங்கட்கிழமைக்கு எழுதியது: பச்சை அட்டைப் பதிவேடு, போன வருடம், ஆகஸ்டு, ஸ்னேஹா.

பக்க எண் எழுதவில்லை. தேட வேண்டும்.