பண்ணைக்காரன் பெயர்

வீபேயை எனக்குப் பிடிக்காது. அவன் செத்து இரண்டு வருடம் ஆகிறது, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவனைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத இந்த ஓஸ்டர்லோ ஊரில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் செத்தவனைப் புகழ்கிற கூட்டம்.

நான் டெர்க் ரோஸ்மெலிங்க். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு மண்வெட்டியோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் பாதி வயல்களின் தண்ணீர் நான் பூமிக்கடியில் புதைத்த வடிகால் குழாய்கள் வழியாகத்தான் மிச்சிகன் ஏரிக்குப் போகிறது. மண் வெட்டுகிற பதினோரு இயந்திரங்கள் என் கொட்டகையில் நிற்கின்றன. கல்லூரி முடித்தவர்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இதைச் சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

எங்கள் பெயர் அபூர்வமானது. டி யோங், விஸ்ஸர் என்று தேடினால் டெலிபோன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும். ரோஸ்மெலிங்க் என்றால் அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டாலும் இருநூறு பேர் தேறுவது கஷ்டம். முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள். அயோவாவில் இரண்டு வீடு, வாஷிங்டனில் மாடு வைத்திருக்கிற ஒரு குடும்பம், அலாஸ்காவில் யார் கடிதத்துக்கும் பதில் போடாத ஒருவன். நாங்கள் கிளம்பி வந்த பழைய டச்சு நாட்டில் ஒருவர்கூட இல்லை. 1847இல் பாட்டனாருக்குப் பாட்டனார் ஆரென்ட் யான் அறுபது தாண்டிய வயதில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியபோது பெயரையும் அங்கிருந்து துடைத்து எடுத்து வந்துவிட்டார்.

இந்தத் தலைக்கணக்கு எடுத்தவன் மெர்வின். என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன், பல் டாக்டர். ஊர் ஊராக டெலிபோன் புத்தகம் வரவழைத்து, எல்லோருக்கும் கடிதம் போட்டு, ரோஸ்மெலிங்க் குடும்பச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவராகவும் தானே உட்கார்ந்துகொண்டான். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவன். அடுத்தவன் பேச வாயைத் திறந்தால் மட்டும் பிடிக்காது.

வீபேக்கு வருகிறேன். அவன் பிறந்தது அதே பழைய நாட்டின் ப்ரீஸ்லாந்து மாகாணத்தில், வீபே டெர்ப்ஸ்ட்ராவாக. 1926இல் என் பெரியப்பா பெரென்டின் பண்ணைக்குக் கூலிக்கு வந்தான். செலரிக் கீரை விளைகிற கரிமண் அது. மழை பெய்தால் குதிரை வயிறுவரை இறங்கும். அதனால் குதிரைக்குக்கூடப் பலகைச் செருப்பு மாட்டித்தான் ஓட்டுவோம். வீபே மரச்செருப்போடு அந்தச் சேற்றில் சர்ச்சுக்குப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நடப்பான். அதுவே எனக்கு எரிச்சல்.

பெரியப்பாவுக்கு மகன் இல்லை. அலெய்டா ஒரே பெண். பண்ணை தம்பி மகனான எனக்கு வரும் என்று ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன். மூன்றாவது வருடம் வீபே அலெய்டாவைப் பெண் கேட்டான். பெரியப்பா அவனைக் களத்தில் நிற்க வைத்துச் சொன்னதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"இந்தப் பண்ணையில இருக்கிறவன் ரோஸ்மெலிங்க். உனக்கு என் பொண்ணு வேணும்னா உன் பேரைக் கழட்டி ரோட்டுல வச்சிட்டு உள்ள வா."

"செருப்பையும் கழட்டணுமாங்க?" என்றான் வீபே.

"அதை அலெய்டா சொல்லுவா."

அவன் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தான். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூலிக்கு வாய்க்கால் வெட்டப் போனேன். அவன் அந்தப் பண்ணையைப் பிடுங்காமல் இருந்திருந்தால் நான் இன்றும் செலரி கட்டிக்கொண்டிருப்பேன் என்று சிலர் சொல்வார்கள். அதற்காக அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

அப்போதெல்லாம் பெண்டாட்டி பெயரை வைத்துக்கொண்ட ஆண்பிள்ளையை யாரும் சும்மா விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே ஆண்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான்தான் முதலில் ஆரம்பிப்பேன்.

"ஏண்டா வீபே, உங்க வீட்டுல யாரு கால்சட்டை போடறது, நீயா அலெய்டாவா?"

"ராத்திரியில ரெண்டு பேருமே போடறதில்ல டெர்க். அதான் சண்டையே வரல."

எல்லோரும் சிரித்தார்கள். சபை மூப்பர் ஒருவர் முகம் சிவந்து உள்ளே போனார். கேலி செய்யப் போனவன் நான், கேலிக்கு ஆளானவனும் நான். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அவனிடம் வாய்க்கால் தகராறு தவிர வேறு எதற்கும் பேசியதில்லை.

அவன் வாழ்க்கையில் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. செலரிக்கு நோய் வந்தது, வெங்காயத்துக்கு மாறினான். பிள்ளை பிறக்கவில்லை. பிரசங்கத்தில் எல்லோரையும் போலப் பெப்பர்மின்ட் சப்பினான். பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது ஆறு வருடம் அவன்தான் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினான். அந்த ஆறு வருடத்தில் சொந்த ரத்தம் என்று சொல்லிக்கொள்கிற எங்களில் ஒருவனும் போய்ப் பார்த்ததில்லை. நான் உட்பட.

1974இல் அலெய்டா இறந்தாள். ரோஸ்மெலிங்க் குடும்பத்துக்கென்று ஆரென்ட் யானின் பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் வாங்கிப்போட்ட இடத்தில் அவளைப் புதைத்தார்கள். வீபே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல் வைத்தான். இடப்பக்கம் அவள் பெயர், வலப்பக்கம் தன் பெயர், தான் பிறந்த வருடம், சாகிற வருடத்துக்குப் பக்கத்தில் காலி இடம். இங்கே எல்லோரும் செய்கிறதுதான்.

நான்கு வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம் அவன் என் கொட்டகை வாசலில் வந்து நின்றான். எழுபத்து நான்கு வயது. கையில் ஒரு கடிதம்.

"உக்காரச் சொல்ல மாட்டியா?"

"கால்ல சேறு இல்லன்னா உக்காரு."

"சேறு இல்லாம நான் என்னிக்கு இருந்தேன்?" என்று நின்றபடியே கடிதத்தை நீட்டினான். "மெர்வின் போட்டிருக்கான். படி."

படித்தேன். குடும்ப இடத்தில் இனி ஆறு குழிகள்தான் மிச்சம். பழைய பத்திரத்தின்படி அவை ரோஸ்மெலிங்க் ரத்தத்தில் பிறந்தவர்களுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் மட்டுமே. வெளியே கட்டிக்கொடுத்த பெண்கள் கணவன் வீட்டு இடத்துக்குப் போவது வழக்கம். வீபே பிறப்பால் ரோஸ்மெலிங்க் இல்லை. யாருக்கும் மனைவியும் இல்லை. ஆகவே அறுபது நாளைக்குள் கல்லில் உள்ள தன் பெயரை அவன் செதுக்கி எடுத்துவிட வேண்டும். தவறினால் சங்கமே எடுக்கும். சங்கத்தின் வருடாந்திர ஜூலை ஒன்றுகூடலில் இது வாக்கெடுப்புக்கு வரும்.

"இதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அலெய்டா பக்கத்துல படுக்கணும். அவ்வளவுதான்."

"உன் ஆளுங்க பக்கத்துல போய்ப் படேன்."

"என் ஆளுங்க கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கறாங்க."

"அம்பது வருஷமா எனக்கு உன்னைக் கண்டாலே ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன். என்னைப் பிடிச்சவன் எல்லாம் நல்லவன். அவனுங்க மெர்வினை எதிர்த்துப் பேச மாட்டானுங்க. நீ யாரை வேணும்னாலும் திட்டுவே."

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. போடா என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் மெர்வினிடமிருந்து எனக்கும் தபால் வந்தது. அச்சுக்குப் போகவிருக்கிற குடும்பப் புத்தகத்தில் என் பக்கம். பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டுமாம். அவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டவன் என்னைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தான்: டெர்க், பிறப்பு 1908, வாய்க்கால் வெட்டும் தொழிலாளி. பதினோரு இயந்திரம் வைத்திருப்பவன் வாய்க்கால் வெட்டும் தொழிலாளி! அன்று மத்தியானம் எனக்குச் சூப் இறங்கவில்லை. வீபேக்காக இல்லாவிட்டாலும், ஒன்றுகூடலுக்குச் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

சர்ச் மைதானத்தில் மர மேசைகள். பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பால் கேனில் எலுமிச்சைத் தண்ணீர். மெர்வின் ஒரு பெரிய பலகையில் பழைய நாட்டிலிருந்து வரவழைத்த சர்ச் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்களை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கச் சீட்டு வைத்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்பு முக்கால் மணி நேரம் ரத்தத்தைப் பற்றிப் பேசினான். வீபே கடைசி பெஞ்சில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மெர்வின் பேசட்டும் என்று நான் பலகையிடம் போனேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாப்பாடு முடிந்ததும் அப்பா டச்சு பைபிளை எங்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். தடுக்கினால் காது திருகப்படும். அதனால் அந்தப் பழைய எழுத்து எனக்கு விரல் வைத்து நகர்த்தினால் வரும். மெர்வினுக்கு வராது. யாரிடமோ பெயரையும் தேதியையும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான்.

முதல் தாள் 1785இல் ஞானஸ்நானம்: பிராக் பண்ணையில் பிறந்த ஆரென்ட் யான். கீழே மெர்வினின் சீட்டு: வேறொருவர், குமாஸ்தாவின் தவறு. இரண்டாவது தாள் 1808இல் கல்யாணம். அதற்கு அவன் சீட்டில் மணமக்கள் பெயரோடு சரி. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அவன் பேச்சை நிறுத்தினேன்.

"மெர்வின், இந்த மொதல் தாள்ல இருக்கிற ஆளு யாரு?"

"அது நம்ம ஆளு இல்ல, சித்தப்பா. குமாஸ்தா குழப்பிட்டான். கேள்வியெல்லாம் கடைசியில."

"குமாஸ்தா குழப்பல. நீ குழப்பிட்ட. கல்யாணத் தாள்ல தெளிவா எழுதியிருக்கு, கேளு. பிராக் பண்ணையில பொறந்த ஆரென்ட் யான், ரோஸ்மெலிங்க் பண்ணைப் பொண்ணு யான்னாவைக் கட்டி, அந்தப் பண்ணையிலேயே குடி போறான். இனி அவனுக்கு ரோஸ்மெலிங்க்னு பேரு. ரெண்டு ஆளு இல்லடா. ஒரே ஆளு. அந்த ஊர்ல பேரு மனுஷனுக்குக் கெடையாது, பண்ணைக்கு. எவன் உள்ள போறானோ அவன் பேரு அது."

 மெர்வினின் அம்மா கிரீட்டா கையில் பன்னோடு எழுந்தாள்.

"அப்போ நாமெல்லாம் யாரு டெர்க்?"

"வீட்டோட மாப்பிள்ளை வம்சம்."

"ஐயோ, இந்த வயசுல வேற பேருக்கு மாற என்னால ஆகாதுப்பா. வாசல் பலகை இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்."

மெர்வின் பலகையருகே வந்து பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பார்த்தான். வாசிக்க முடியாததை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் என்ன?

"அது பழைய நாட்டு வழக்கம், சித்தப்பா. இங்கே பத்திரம்னு ஒண்ணு இருக்கு. ரத்தம்னு போட்டிருக்கு."

"பழைய நாட்டுப் பெருமை மட்டும் பலகை நெறைய வேணும், வழக்கம் வேண்டாமா? சரி, உளி நான் தரேன். நடுவுல நிக்குதே ஆரென்ட் யானோட பெரிய கல்லு, அதுலருந்து ஆரம்பி. அவரும் பொண்டாட்டி பேரோட வந்தவர்தான். அதைச் செதுக்கி முடிச்சிட்டு வீபே கல்லுக்கு வா."

"நீங்க எப்பலேருந்து வீபே கட்சி?"

"நான் எவன் கட்சியும் இல்ல. பதினோரு இயந்திரம் வச்சிருக்கிற வாய்க்கால் வெட்டும் தொழிலாளி. உன் புத்தகத்துல நீயே எழுதினே, மறந்துட்டியா?"

சிலர் சிரித்தார்கள். மெர்வினுக்குக் காது சிவந்தது. வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கப் பார்த்தான். கிரீட்டா விடவில்லை, உருளைக்கிழங்கு வெயிலில் கெட்டுப்போகும், இப்போதே கையைத் தூக்குங்கள் என்றாள். வீபேயின் பெயர் கல்லில் இருக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பெற்ற தாயின் கையையும் மெர்வின் எண்ண வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சிலும் ஒரு கை எழுந்தது.

"உங்களுக்கு ஓட்டு இல்ல," என்றான் மெர்வின்.

"ஓட்டுப் போடல. எலுமிச்சைத் தண்ணி கேட்டேன். காலையிலேருந்து யாரும் கொடுக்கல."

முப்பத்தொரு பேர் ஆம் என்றார்கள், பதினான்கு பேர் இல்லை என்றார்கள். மெர்வின் பலகையைப் பிடுங்கிக் காரின் பின்பக்கம் திணித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான். அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேர் இன்றும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். போகட்டும். அவர்கள் வயலில் தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீபே என் வண்டியருகே வந்தான்.

"உனக்காகச் செய்யல," என்று முந்திக்கொண்டேன்.

"தெரியும். இருந்தாலும் நன்றி."

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும். தூக்கிப் போடு." தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

1980 பிப்ரவரியில் அவன் செத்தான். தரை மூன்றடி உறைந்து கிடந்தது. உடலைக் கல்லறைக்காரர் அறையில் ஏப்ரல் வரைக்கும் வைத்திருந்து, பனி விட்ட பிறகு புதைக்கலாம் என்றார்கள். உறைந்த மண்ணைக் கண்டு பயப்படுகிற ஆள் நான் இல்லை. பெரிய இயந்திரத்தை நானே ஓட்டிப் போனேன். ஒரு மணி நேரத்தில் அலெய்டாவுக்குப் பக்கத்தில், அவள் கல் ஓரம்கூட உரசாமல், நேர்கோடாகக் குழி இறங்கியது. இந்த மாவட்டத்தில் வேறு எவனாலும் அது முடிந்திருக்காது. மூன்றாம் நாள் அவனை இறக்கினோம்.

தூக்கி வந்த ஆறு பேரில் எலியாசார் கான்ட்டூவும் ஒருவன். டெக்ஸாஸிலிருந்து வெங்காயம் பிடுங்க வந்து இங்கேயே தங்கியவன். பதினைந்து வருடம் வீபேயிடம் வேலை செய்தான். வீபே பண்ணையை அவன் பெயருக்கே எழுதி வைத்துவிட்டான். மெர்வினும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தான். எல்லோரும் கலைகிற நேரம் அவன் காதில் விழும்படியாக நான் எலியாசாரிடம் உரக்கச் சொன்னேன்:

"பழைய நாட்டு வழக்கப்படி இனிமே நீதான் ரோஸ்மெலிங்க். உன் பொண்டாட்டி, அஞ்சு புள்ளைங்க, மொத்தம் ஏழு தலை. நம்ம தலைவரு புத்தகத்துல சேர்த்துக்குவாரு."

மெர்வின் கையுறையைக்கூட மாட்டாமல் வாசலைப் பார்த்து நடந்தான். எலியாசார் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வேண்டாம் சார்," என்றான். "பண்ணை போதும். அந்தப் பேரை வாங்கினா வருஷா வருஷம் ஜூலையில அவரு பேசறதை உக்காந்து கேக்கணும்."