கேப்பில் அடக்கிய இரண்டு மணி நேரம்

சந்தாபுராவிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் கம்பெனி கேப்பில் இரண்டு மணி நேரம். டிரைவருக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், பின்னால் ஹெட்ஃபோன் மாட்டிய இரண்டு இளைஞர்கள், நடு சீட்டில் கதவோரம் நான் ஒருத்தி. வழியில் இறங்க வேண்டும் என்று ஆண்களிடம் சொல்லக் கூசி, காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தேன். எழுந்ததும் அரை டம்ளர் காபி, பிறகு ஆபீஸ் போய்ச் சேரும்வரை ஒன்றுமில்லை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எரிச்சல் வந்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி போக வேண்டும்போல் இருக்கும். போனால் சொட்டுச் சொட்டாக வரும். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். அதிலும் கேட்காமல், மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் சொல்லி, ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கினேன். இரண்டே நாளில் எரிச்சல் நின்றது. மீதியை அலமாரியில் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, மாரத்தஹள்ளிக்கு முன்னால் கேப் நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாக இறுகியது. முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே வலப்பக்கம், இதுவரை அறியாத ஒரு வலி. நல்ல வெயிலில் பல் கிட்டியது. ஒரு பக்கம் தண்ணீர் லாரி, மறுபக்கம் பஸ். துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"எங்க மேடம் நிறுத்தறது? ஃபுல் ஜாம், நோடி, நீங்களே பாருங்க."

"பாத்ரூம் போகணும்ணா. முடியல."

சொல்லிவிட்டேன். ஹெட்ஃபோன்கள் கழன்றன.  கதவைப் பாதி திறந்து, கேப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உடம்பை நுழைத்து இறங்கினேன்.

சாலையோரப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். "சீக்கிரம் போக்கா. இந்தச் சாவிய மேனேஜர்கிட்ட வாங்கறதுக்குள்ள எங்களுக்கே உசிரு போயிடும்."

வெளியே வந்தபோது முன்சீட்டுக்காரர் என் பையோடு நின்றிருந்தார். கேப் பத்தடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"ஒடம்பு இப்படி நடுங்குது, ஆபீசுக்கு எதுக்கும்மா? மொதல்ல டாக்டரப் பாரு" என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா முதுகில் லேசாகத் தட்டினார். வலியில் துள்ளினேன். உடம்புச் சூடு என்று நினைத்ததைச் சொன்னேன்.

"சூடெல்லாம் இல்ல, இது இன்ஃபெக்‌ஷன். குளிர் ஜுரமும் முதுகு வலியும் வந்துட்டா கிட்னி வரைக்கும் ஏறியிருக்கலாம். முன்னாடி மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டு நாள் போட்டேன். சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்."

"எரிச்சல்தான் போயிருக்கு. கிருமி போகல."

மருந்து தொடங்கும் முன் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்ததும், அந்தக் கிருமிக்குக் கேட்கும் மாத்திரையாக டாக்டர் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை கடைசி மாத்திரைவரை முழுங்கினேன்.

"தண்ணி நல்லா குடிங்க. வந்தா அடக்காதீங்க" என்று முடிவு வந்த அன்றே சொன்னார்.

"கேப்ல எப்படி டாக்டர்?"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்தச் சொல்லிக் கேட்டுத்தாம்மா ஆகணும்."

மறுவாரம் கேப் கிளம்பும் முன்னாலேயே டிரைவரிடம் சொன்னேன். சில்க் போர்டு சிக்னலுக்கு முன்னால் இருக்கும் ஹோட்டலில் தினமும் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். பின்சீட்டில் ஒருவன் பெருமூச்சு விட்டான். முன்சீட்டுக்காரர் திரும்பாமலே பேசினார்.

"நிறுத்துப்பா. எனக்கு சுகர். நாலு வருஷமா நானும் அடக்கிக்கிட்டுதான் வர்றேன்."

அன்றிலிருந்து இருவரும் இறங்குகிறோம். ஹோட்டலைத் தாண்டியபின் ஜாமில் மாட்டும் நாட்களும் உண்டு. அப்போது அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு அணைகிறதா என்றே இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.